குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்களுக்கு

கேரள - தமிழ்நாடு எல்லையில் இருக்கிற பாறசாலை, களியக்காவிளைப் பக்கம் எந்த வீட்டிலும் எஸ்.ஏ.டி. என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிற ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, ஜன்னி கண்டுவிட்டது, பிறந்த குழந்தை பால் குடிக்கவில்லை என்றால், எல்லைக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், "எஸ்.ஏ.டி.க்குக் கொண்டு போயிருங்க" என்பதுதான் கடைசி வார்த்தை. நான் இந்தப் பகுதியில் ஜே.பி.எச்.என். ஆக, அதாவது வீடு வீடாகப் போய்த் தடுப்பூசியும் எடையும் பார்க்கிற சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அதன்பிறகு இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சொல்வதையெல்லாம் எழுதிச் சேர்த்து வருகிறேன். பள்ளிக்கூட டீச்சர்களும் வாசகசாலைப் பிள்ளைகளும், நாங்களும் செய்யலாமா, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஊரில் வேறு ஆஸ்பத்திரியாக இருந்தாலும் வழி ஏறக்குறைய இதுதான்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வரலாறு என்றதும் எல்லோரும் திறப்பு விழாவில் தொடங்குகிறார்கள். அப்புறம் எத்தனை கட்டில், எந்த மந்திரி, எந்தக் கட்டடம் என்று போய் முடிந்துவிடும். குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அது போதாது. நோயாளிக்கு நடக்கத் தெரியாது, பேசத் தெரியாது. யாரோ ஒருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால்தான் அந்தக் குழந்தை அங்கே போய்ச் சேரும். ஆகவே தூக்கிக்கொண்டு போனவர்களிடம் தொடங்குங்கள். தேதிகள் அவர்கள் சொல்வதைச் சரிபார்க்க உதவட்டும்.

தேதித் தாள்

அதற்காகத் தேதிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். யாரிடமும் பேசப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் உறுதியான தேதிகளை மட்டும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய தாள் இப்படி இருக்கும். 1838-ல் நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியம் தொடங்கியது. 1865-ல் திருவனந்தபுரம் ஜெனரல் ஆஸ்பத்திரி. 1916-ல் மேரி புன்னன் லூக்கோஸ் தைக்காடு பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றார். 1938-ல் அவரே திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். ஒரு பெண் அந்தப் பதவியில் உட்கார்ந்தது அக்காலத்தில் பெரிய விஷயம். அதே 1938 பிப்ரவரியில் அரசு பஸ் ஓடத் தொடங்கியது. முதல் தடமே திருவனந்தபுரம் - களியக்காவிளை. 1951 நவம்பரில் நேரு வந்து மெடிக்கல் காலேஜைத் திறந்தார். 1952-ல் எஸ்.ஏ.டி. வந்தது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது.

இந்தத் தாளைப் பார்த்தாலே ஒரு விஷயம் தெரியும். 1954-ல் மார்த்தாண்டத்திலிருந்து எஸ்.ஏ.டி.க்குப் போன தாய் தன் சொந்த ராஜ்யத்தின் தலைநகரத்துக்குப் போனாள். 1957-ல் அதே பஸ்ஸில் அதே ரோட்டில் போன அவள் தங்கை இன்னொரு மாநிலத்துக்குப் போனாள். கூட்டம் குறைந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சுகமில்லாத பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவளுக்கு எல்லைக்கல் கண்ணில் படுமா?

இன்னொன்று: "முதல்" என்ற சொல்லை எழுதும்போது கை நிற்கட்டும். எஸ்.ஏ.டி.க்கு முன்னாலேயே தைக்காட்டில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. மேரி புன்னன் லூக்கோஸ் 1920-லேயே சிசேரியன் செய்தவர்; மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியவர். ஊர் மருத்துவச்சிகள் எதிர்த்து நிற்காமல் இருக்க, அவர்கள் வீட்டுப் பெண்களையே பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டாராம். நாகர்கோவில் காசநோய் ஆஸ்பத்திரியும் அவர் முயற்சிதான். எஸ்.ஏ.டி.யின் கதையை எழுதுகிறவர்கள் இந்த அம்மாவுக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அரண்மனைப் பெயர்களில் கவனம் வேண்டும். எல்லாம் நட்சத்திரப் பெயர்கள் என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாறிப்போகும். மகாராஜா சித்திரைத் திருநாள். அவருடைய தங்கை கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாய். தங்கையின் மகன்தான் அவிட்டம் திருநாள். மருமக்கதாய முறையில் தங்கை மகன் வாரிசு வரிசையில் வருகிறவன். அந்தப் பிள்ளை 1944-ல் ஆறு வயதில் இறந்தது. அதன் நினைவாக வந்ததுதான் ஆஸ்பத்திரி. கேட்பவர்களில் பாதிப்பேர் அவிட்டம் திருநாள் ஒரு ராஜா என்றே நினைத்திருப்பார்கள். ஆறு வயசுப் பிள்ளை என்று சொன்னதும் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கொல்லம் ஆண்டு

பழைய காகிதங்களில் 1127 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது கொல்லம் ஆண்டு. நம் வீட்டு ஜாதகங்களிலும் இருக்கும். ஆவணி (சிங்கம்) ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் வருஷம் பிறக்கும். ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரைக்குமான தேதி என்றால் 824 கூட்டுங்கள். ஜனவரியிலிருந்து அடுத்த ஆவணி பிறக்கும் வரை என்றால் 825. ஆக 1127 கார்த்திகை (விருச்சிகம்) 1951-ல் விழும், 1127 சித்திரை (மேடம்) 1952-ல் விழும். மாதம் இல்லாமல் வருஷம் மட்டும் இருந்தால் "1951-52" என்றே எழுதுங்கள்.

மலையாளக் காகிதங்களில் 1971-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்ததற்கு முந்திய கூட்டெழுத்துகள் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. ஓய்வு பெற்ற வில்லேஜ் ஆபீஸ் கிளார்க் யாராவது ஊரில் இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னால் ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும்.

ஆட்களிடம் பேசும்போது

நேரே போய், "எஸ்.ஏ.டி. பற்றிச் சொல்லுங்க பாட்டி" என்றால் ஒன்றும் வராது. நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள். எங்கே ஏறினீங்க? தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மெடிக்கல் காலேஜுக்கு எப்படிப் போனீங்க? பிள்ளையை யார் மடியில் வைத்திருந்தீங்க? வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டது? ராத்திரி எங்கே படுத்தீங்க? கஞ்சி யார் கொண்டுவந்தது? இப்படிக் கேட்டால் வரலாறு தானாக வரும். வராந்தாவில் பாய் விரித்தது, பிளாஸ்கில் சுடுதண்ணீர் வாங்க வரிசையில் நின்றது, கூட்டிருப்புக்கு (பிள்ளையோடு துணையாக இருக்க) வந்த மாமியார் பக்கத்துக் கட்டில்காரியோடு மலையாளம் பேசப் பழகியது, டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஆண்களை வெளியே அனுப்பியது, அத்தனையும் வரும்.

வருஷம் கேட்டால் பெரும்பாலும் தெரியாது. அதற்குத்தான் தேதித் தாள். தமிழகத்தோடு சேரக் கேட்ட போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்ததற்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். மார்த்தாண்டம், புதுக்கடைக்காரர்களுக்கு 1954 ஆகஸ்ட் மறக்காது. நயா பைசா வந்துவிட்டதா என்று கேளுங்கள். அது 1957 ஏப்ரல். ரயில் ஓடியதா என்று கேளுங்கள், 1979. ஆனால் பஸ் கட்டணத்தைச் "சக்கரம்" என்று சொன்னார்கள் என்பதற்காகச் சம்பவத்தை 1949-க்கு முன்னால் தள்ளிவிடாதீர்கள். திருவிதாங்கூர் நாணயம் செல்லாமல் போன பிறகும் பேச்சில் அந்தச் சொல் நெடுநாள் இருந்தது.

நோயின் பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். மாந்தம், கணை, செவ்வாப்பு, இழுப்பு, கக்குவான், தொண்டை அடைப்பான். உடனே டாக்டர் பாஷைக்கு மாற்றாதீர்கள். கக்குவான் என்றால் கக்குவான் இருமல்தான், சந்தேகமில்லை. ஆனால் மாந்தம் என்பது வயிற்றுப்போக்கிலிருந்து மூளைக்காய்ச்சல் வரைக்கும் எதுவாகவும் இருந்திருக்கலாம். நாம் அறுபது வருஷம் கழித்து உட்கார்ந்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடித்த மாதிரி எழுதவும் கூடாது.

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று எல்லோரும் தயங்குகிறார்கள். தயங்கத்தான் வேண்டும். நான் செய்வது இது. அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை. அவர்களாக எடுத்தால் போனில் ரெக்கார்ட் ஆவதை நிறுத்திவிட்டு, அவர்கள் பார்க்கிற மாதிரி போனைக் கவிழ்த்து வைப்பேன். "பிள்ளைக்கு என்ன பேர் வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்பேன். பலருக்கு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ஒரு பாட்டி பெயரைச் சொல்லிவிட்டு, "மக்ளே, இந்தப் பேரை எழுதிக்க, மத்ததை எழுதாண்டாம்" என்றார். எழுதிக்கொண்டேன். மற்றதை எழுதவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை. ஒரு மரணத்தைப் பற்றி யாராவது டாக்டர் மேலோ நர்ஸ் மேலோ குறை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் பெயர் போட்டு அச்சேற்றாதீர்கள். எதிர்த்தரப்பைக் கேட்க இப்போது வழியில்லை.

டிரங்குப் பெட்டி

வீடுகளில் காகிதம் இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள். ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் கார்டு, தடுப்பூசி அட்டை, ரத்தம் கொடுத்த ரசீது. எங்கே வைத்திருப்பார்கள் என்றால் நிலப் பத்திரத்தோடு. நான் பார்த்ததிலேயே எனக்கு உயிரான ஒன்று, நாலாக மடித்த ஒரு டிஸ்சார்ஜ் கார்டு. மடிப்பில் கிழிந்து, தையல் நூலால் தைத்திருந்தார்கள். முன்பக்கம் நீல மையில் குழந்தையின் எடை 1.6 கிலோ என்று இருக்கிறது. பின்பக்கம் தகப்பனார் பென்சிலால் தமிழில் கணக்குப் போட்டிருக்கிறார்: அத்தானிடம் வாங்கியது 20, கடையில் 15, பஸ், பால்பொடி. கடைசியில் ஒரு வரி, "கம்மல்" என்று மட்டும், தொகை இல்லாமல். டாக்டர் எழுதிய பக்கத்தை எந்த ஆவணக் காப்பகமும் பாதுகாக்கும். பின்பக்கத்தை நாம்தான் பாதுகாக்க வேண்டும். ஆகவே எந்தக் காகிதம் கிடைத்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பெயரும் ஓ.பி. நம்பரும் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத்தாள் துண்டை வைத்து மறைத்துவிட்டு எடுங்கள். அசலை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அந்த வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

பிறந்த குழந்தையின் காகிதத்தில் அதன் பெயர் இருக்காது. "பேபி ஆஃப்" என்று போட்டு அம்மாவின் பெயர் இருக்கும். பழைய காகிதக் கட்டில் தேடுகிறவர்கள் பிள்ளையின் பெயரைத் தேடிக் கிடைக்காமல் திரும்பிவிடுகிறார்கள். தாயின் பெயரில் தேடச் சொல்லுங்கள். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும் என்பது சட்டம். அதனால் குழித்துறைக்காரர் பலரின் பிறப்புச் சான்றிதழ் திருவனந்தபுரத்தில், மலையாளத்தில் இருக்கும். சொந்த ஊர்ப் பஞ்சாயத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அலுவலகங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாளையத்தில் இருக்கிற ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரியில் பழைய பத்திரிகைகளையும், கேரள ஆவணக் காப்பகத்தில் அரசாங்கக் கோப்புகளையும் கேளுங்கள். 1949-க்கு முந்தியதைத் திருவிதாங்கூர் என்றும், 1949 முதல் 1956 வரையிலானதைத் திருவிதாங்கூர்-கொச்சி என்றும் தேட வேண்டும். எஸ்.ஏ.டி. பிறந்தது இந்த நடுக்காலத்தில். கேரளம் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. திருவிதாங்கூர் வருஷாந்தர நிர்வாக அறிக்கைகளில் மருத்துவத் துறைக்குத் தனிப் பகுதி உண்டு. ஆஸ்பத்திரிக்கு முந்திய காலத்தை அதில் பிடிக்கலாம்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. தினமலர் தொடங்கியதே திருவனந்தபுரத்தில்தான், 1951 செப்டம்பர் 6-ல். 1957-ல்தான் திருநெல்வேலிக்குப் போனது. எஸ்.ஏ.டி. எழும்பிய அதே வருஷங்களில், அதே நகரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது. அந்த வருஷங்களின் இதழ் எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள்.

ஆஸ்பத்திரியிடமே கேட்பதென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மலையாளத்திலோ இங்கிலீஷிலோ எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஆஸ்பத்திரி வரலாறு தருக" என்று கேட்டால் எதுவும் வராது. எந்தப் பிரிவு எந்த வருஷம் தொடங்கியது, கட்டில் எண்ணிக்கை எந்தெந்த வருஷம் கூடியது, பழைய பதிவேடுகள் எந்த வருஷம் முதல் இருக்கின்றன என்று ஒவ்வொரு கேள்வியாக எழுதுங்கள். நோயாளிகளின் விவரத்தைக் கேட்காதீர்கள். கொடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. வார்டுக்குள் போனைத் தூக்கிப் படம் எடுப்பதும் வேண்டாம்.

ஒரு நோயைப் பிடித்துக்கொண்டு போங்கள்

எழுத உட்காரும்போது எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் படிக்கிறவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். ஒரே ஒரு நோயைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னால் போங்கள். எஸ்.ஏ.டி.க்கு அது ருமாட்டிக் இருதய நோய். காரணம் சொல்கிறேன்.

அவிட்டம் திருநாள் இறந்தது இந்த நோயால்தான். இது தொண்டைவலியில் தொடங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையில் வந்து போன சில வாரத்தில் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். மூட்டு சரியாகிவிடும், ஆனால் இருதய வால்வு கெட்டுப்போகும். தொண்டைவலிக்கே பென்சிலின் கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். 1944-ல் அந்த மருந்து யுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தது யுத்தம் முடிந்த பிறகுதான். அரண்மனைப் பிள்ளைக்கும் பாறசாலைப் பிள்ளைக்கும் அந்த விஷயத்தில் ஒரே கதிதான்.

என் வேலைக்காலத்தில் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும், அதுவும் வருஷக்கணக்கில். தயிர் மாதிரிக் கெட்டியான மருந்து. பெரிய ஊசி வேண்டும், மெதுவாகத் தள்ள வேண்டும், கொஞ்சம் நிறுத்தினாலும் அடைத்துக்கொள்ளும். போட்ட காலை இழுத்து இழுத்துத்தான் பிள்ளைகள் வெளியே போவார்கள். ஒரு பையன் வாசல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நாளைக்கு வாறேன் சிஸ்டர்" என்று கெஞ்சுவான். ஊசி தவறிய வாரம் நான் வீட்டுக்குப் போய் நிற்பேன். எஸ்.ஏ.டி.யில் எழுதிக் கொடுத்த சீட்டும் எங்கள் பக்கத்து நடையும் சேர்ந்ததுதான் அந்த வைத்தியம். வரலாற்றில் சீட்டு மட்டும் வந்து நடை விட்டுப்போகக் கூடாது.

கதை அங்கேயும் நிற்கவில்லை. அதே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1976-ல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம் வந்தது. டாக்டர் வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே செயற்கை இருதய வால்வைச் செய்து, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். ருமாட்டிக் நோயால் வால்வு போனவர்களுக்கு வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லை என்பதால் எடுத்த முயற்சி அது. மருமகன் பெயரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி, மாமன் பெயரில் இருதய ஆஸ்பத்திரி, இரண்டும் அடுத்தடுத்து. இதை அலங்காரம் இல்லாமல் வரிசையாகச் சொன்னாலே படிக்கிறவர்களுக்குப் புரியும்.

பிடித்துக்கொண்டு போக இன்னொரு இழையும் உங்களுக்கு உதவலாம். 1987-ல் அதே வளாகத்தில் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழந்தை வளர்ச்சி மையத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வந்ததுதான் திருவனந்தபுரம் அட்டை என்று நாங்கள் சொல்லும் 17 வரி அட்டை. பிறந்தது முதல் 2 வயது வரைக்கும் பிள்ளை எப்போது சிரிக்கும், தலை நிற்கும், உட்காரும், நடக்கும் என்று கோடுகளாக இருக்கும். பிள்ளையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைப்போம். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன எதையாவது பிள்ளை செய்யவில்லை என்றால் மையத்துக்கு அனுப்ப வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பென்சிலை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி செய்த காரியங்களில் கிராமத்துக்குள் வந்து சேர்ந்த காரியம் எது என்று தேடுங்கள். உங்கள் ஆஸ்பத்திரிக்கும் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும்.

எழுதி முடித்த பிறகு

பேசியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்கும் வாசித்துத்தான் காட்ட வேண்டும். காதால் கேட்கும்போதுதான் "அது அப்படி இல்லை" என்பார்கள். அவர்கள் எடுக்கச் சொன்னதை எடுத்துவிடுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். எங்கள் பக்கத்துப் பேரப்பிள்ளைகள் பலருக்கு இப்போது தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒரு பிரதி வாசகசாலைக்கு, ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று ஆஸ்பத்திரி சூப்பிரண்டெண்டுக்கு. கொடுத்த இடத்தில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் இருக்கிற குரல்களையும் படங்களையும் அன்றைக்கே இன்னொரு இடத்தில் பதிந்து வையுங்கள். அப்புறம் முக்கியமாக, யாரிடம் முதலில் போவது என்று குழம்பினால் ஊரிலேயே வயதில் மூத்த தாயிடம் இந்த வாரமே போங்கள். காப்பகத்துக் கோப்பை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.